குளியலறைக் கதவின் அகலம்

சக்கர நாற்காலி குளியலறை வாசலில் முட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நொடிதான் இருந்திருக்கும்.

என் மகன் டேமியன் நாற்காலியைப் பின்னால் இழுத்து, கொஞ்சம் ஒருக்களித்து, மறுபடி தள்ளிப் பார்த்தான். இரண்டு பக்கத்துச் சக்கர வளையமும் நிலைக்காலில் உரசி, வெள்ளைப் பெயிண்டில் கறுப்புக் கோடு விழுந்தது. அவ்வளவுதான், உள்ளே போகவில்லை.

"அம்மா, இந்தக் கதவு எண்பத்தோரு சென்டிமீட்டர்னு யாரு சொன்னது?"

"நான்தான். நானே அளந்தேன்."

"எதால? தையல் டேப்பாலயா?"

"உங்கப்பனோட டேப்பாலடா. பட்டறையிலேருந்து எடுத்துட்டு வந்து, முட்டி போட்டு உக்காந்து, ஒழுங்காத்தான் அளந்தேன்."

அவன் இடுப்பிலிருந்து தன் டேப்பை உருவி நிலைக்கு நிலை பிடித்தான். "எழுநூத்திப் பத்து மில்லி." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நூறை எரிச்சியா?"

"எரிச்சேன்."

"கழிச்சியா?"

நான் குனிந்து அந்தக் கறுப்புக் கோட்டை விரலால் தேய்த்தேன்.

தச்சர்கள் டேப்பின் முனையில் இருக்கும் கொக்கியை நம்ப மாட்டார்கள். நூறு தடவை கீழே விழுந்து, ஆணியில் மாட்டி, வளைந்து போயிருக்கும். அதனால் முனையை விட்டுவிட்டு நூறாவது மில்லிமீட்டர் கோட்டை விளிம்பில் வைத்து அளப்பார்கள். வருகிற எண்ணில் நூறைக் கழித்துவிட வேண்டும். இதற்கு ‘நூறை எரிக்கிறது’ என்று பெயர். என் கணவன் நெவில் ஐம்பது வருஷமாக நூறை எரித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பார்த்தது கையில் வந்துவிட்டது, கழிப்பது வரவில்லை. டேப்பில் எண்ணூற்றுப் பத்து தெரிந்தது. நானும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, எண்பத்தோரு சென்டிமீட்டர் என்று சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் நெவிலை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அன்று புதன்கிழமை.

ஏற்பாடுகளைக் கவனிக்கும் நர்ஸ் ரொவீனா அன்று காலையில்தான் கூப்பிட்டிருந்தாள். பக்கத்து ஊர் பர்னியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறதாம். "உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு தெரியும், கிளெனிஸ். இருந்தாலும் சொல்றது என் கடமை. நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள வேணும் வேண்டாம்னு சொல்லிடுங்க. வேண்டாம்னா அடுத்தது எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. அங்க போய்ட்டா பெரும்பாலும் யாரும் திரும்பி வர்றதில்லைன்னும் உங்களுக்குத் தெரியும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கும் எழுபது வயசாகுது. நீங்க சரின்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றாள்.

இந்த ‘யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க’ என்பதை ஏழு வாரமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. சர்ச்சில் சொன்னார்கள், பேக்கரியில் சொன்னார்கள், முதுகுவலிக்குப் போன டாக்டர் சொன்னார். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சரி. வந்து ஒரு தடவை நெவிலைக் குளிப்பாட்டவும் மாட்டார்கள்.

நெவிலுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய், பிறகு துண்டு துண்டாகத் திரும்பியது. திரும்பிய வார்த்தைகள் ஒரு கைப்பிடி. ஆனால் எண்கள் வந்தன, அதுவும் பழைய காசில். எங்கள் பக்கத்தில் அடி, அங்குலம், பவுண்டு எல்லாவற்றையும் ‘பழைய காசு’ என்றுதான் சொல்வோம். எடை என்ன என்று ஒரு சின்ன நர்ஸ் கேட்டதற்குப் "பதினெட்டு ஸ்டோன்" என்றான். ஒரு ஸ்டோன் பதினாலு பவுண்டு, மொத்தம் நூற்றுப் பதினாலு கிலோ. ஸ்டோன் என்றால் கல்லா, எந்தக் கல் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்து விழித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வராத வேடிக்கை. நானும் நெவிலும் கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்ட ஒரே விஷயம் இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் கட்டட வேலையெல்லாம் மில்லிமீட்டருக்கு மாறியது. வயதான தச்சர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, இருபத்தொரு வயது நெவில் மதம் மாறியவனைப் போல அதைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குள் அடி என்ற சொல்லே கூடாது என்றான். சென்டிமீட்டர் என்று சொன்னால் இன்னும் மோசம். அது தையல்காரிகளுக்கும் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும்தானாம். நான் தையல்காரிதான், ஆனால் தையலில் சென்டிமீட்டரை நானும் தொட்டதில்லை. எங்கள் ஊர் வினியார்டில் பாதிப் பெண்களுக்குக் கல்யாண உடுப்பு தைத்திருக்கிறேன், எல்லாம் அங்குலத்தில். டேமியன் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் கிராமில் எழுதியிருந்தார்கள். நான் ஊரெல்லாம் ஒன்பது பவுண்டு நாலு அவுன்ஸ் என்று சொன்னேன். நெவில் என் பின்னாலேயே வந்து கிராமில் திருத்தினான்.

இப்போது அவனுடைய மில்லிமீட்டர் மொத்தமும் போய், பதினைந்து வயதில் படித்த அங்குலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஐம்பது வருஷச் சண்டையில் நான் ஜெயித்த விதம் இது. இந்த ஜெயத்தை யார் கேட்டது?

டேமியன் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் ஜீலாங்கில் சமையலறை அலமாரிகள் பொருத்துகிற வேலை அவனுக்கு. நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கப்பலில் வந்திருந்தான். "நூறு மில்லி அகலப்படுத்திடலாம். இது கூரையைத் தாங்குற சுவர் இல்ல. கதவை எடுத்துட்டுத் திரை போட்டுக்கலாம். நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள முடிச்சிடுவேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"இந்தப் பக்கம் மூலை. இடிக்க முடியாது. அந்தப் பக்கம் ஷவருக்குப் போற தண்ணிக் குழாய் சுவருக்குள்ள இருக்கு. எங்க இருக்குன்னு தெரியல. நீ வீடு கட்டறப்ப பாக்கலியா?"

"நான் அப்ப கல்யாண உடுப்பு தைச்சிட்டு இருந்தேன். என்னோடதையே."

வீட்டைக் கட்டியது நெவில்தான். தொடங்கும்போது அடிக்கணக்கு, முடிக்கும்போது மில்லிமீட்டர். அந்த மாற்றத்தின் நடுவில் எழும்பிய வீடு. வரைபடம் எதுவும் இல்லை, எல்லாம் அவன் தலையில் இருந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாப்பாட்டு நேரம். நெவில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மசித்த உருளைக்கிழங்கை இடது கையால் சண்டை போட்டுத் தின்றுகொண்டிருந்தான். நான் பேக்கரியிலிருந்து, மசாலா சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஸ்கேலப் பை வாங்கிப் போயிருந்தேன். அவன் தொண்டைக்கு அது கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அவன் கண் அந்தப் பண்டத்தின் மீதே இருந்ததால், நான் அதைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்தேன்.

டேமியன் செல்ஃபோனில் வாசலின் படத்தைக் காட்டினான். "அப்பா, இங்க பாரு. குளியலறைக் கதவு. இந்தச் சுவருக்குள்ள குழாய் எங்க போகுது? நிலையிலேருந்து எவ்வளவு தூரம்?"

நெவில் படத்தை வெகுநேரம் பார்த்தான். வாயோரம் உருளைக்கிழங்கு இருந்தது. நான் துடைக்கப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு இடது கை விரலை நிலைக்குப் பக்கத்தில் வைத்து, "ஒன்பது" என்றான்.

"ஒன்பதா? தொண்ணூறா? தொள்ளாயிரமா?"

"ஒன்பது. காப்பர்."

"மில்லிமீட்டர்ல சொல்லுப்பா."

"அங்குலம்டா," என்றேன் நான். "செம்புக் குழாய், ஒன்பது அங்குலம். நிலையிலேருந்து. இதைவிடத் தெளிவா உனக்கு எவன் சொல்லுவான்?"

"அம்மா, காலையில நர்ஸ் ‘என்ன கிழமை’ன்னு கேட்டதுக்கும் ஒரு எண்ணுதான் சொல்லியிருக்காரு."

"கிழமை அவனுக்கு எப்பவுமே தெரியாது."

நெவில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒன்பது" என்று மறுபடி சொன்னான். கோபமாகச் சொன்னான். எனக்கு அந்தக் கோபம் பழக்கமானது. நான் அளவைச் சரியாக எழுதிக்கொள்ளாதபோது வருகிற கோபம் அது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு டேமியன் வேலையைத் தொடங்கினான். கதவைக் கழற்றி வெளியில் சாய்த்தான். நிலையைச் சுற்றியிருந்த அலங்காரச் சட்டத்தை நெம்பி எடுத்தான். வெளியே பனி விழுந்து புல்வெளி வெளுத்திருந்தது. நான் கணப்பில் விறகு போட்டுவிட்டு டீயுடன் வந்தபோது அவன் துளைபோடும் மெஷினில் ஊசி மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணப் போற?"

"சின்னதா நாலு ஓட்டை போட்டு, குழாய் எங்க இருக்குன்னு பாத்துட்டு வெட்டுறேன்."

"உங்கப்பன்தான் எங்க இருக்குன்னு சொன்னானே."

"சொன்னாரு. நான் பாத்துக்கறேன்."

"ஒன்பது அங்குலம்னா எவ்வளவு?"

"இருநூத்தி இருபத்தெட்டு."

"நீ எங்க வெட்டணும்?"

"இருநூறுல. புதுச் சட்டம் நிறுத்தவும் இடம் வேணும்ல."

"அப்புறம் என்ன? ஒரு அங்குலம் இடம் இருக்கு. வெட்டு."

அவன் மெஷினைக் கீழே வைத்தான். "அம்மா, ஓட்டை போட அஞ்சு நிமிஷம் ஆகும். இதுல என்ன ரோஷம் உனக்கு?"

"அவன் ஐம்பது வருஷம் தச்சன். அவன் கட்டின சுவரு. அவன் வாயால சொன்ன அளவு. நீ ஓட்டை போட்டுப் பாத்தா, அவன் சொன்னதுக்கு மதிப்பே இல்லைன்னு அர்த்தம். இந்த ஏழு வாரமா எல்லாரும் அவன் தலைக்கு மேலதான் பேசிக்கிட்டு இருக்கீங்க. ஒரே ஒரு தடவை அவன் சொல்றதைக் கேளு. வெட்டுன்னா வெட்டு!"

கத்திவிட்டேன். நான் கத்தியது அவனுக்காக இல்லை. அந்த ஒன்பது சரியாக இருக்க வேண்டும், அது எனக்குத் தேவைப்பட்டது. நெவில் உள்ளே இருக்கிறானா இல்லையா என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. சுவராவது சொல்லட்டும் என்று நினைத்தேன். களைத்துப்போனவளின் புத்தி அப்படித்தான் போகும்.

டேமியன் தோளைக் குலுக்கிவிட்டு, பென்சிலால் கோடு போட்டு, வட்ட ரம்பத்தை வைத்தான். முதலில் மரத்தூள் பறந்தது. அடுத்து இரும்பில் பல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். உடனே சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவன் முகத்தில் அடித்தது.

ரம்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். தெருப்பக்கக் குழாயை அவன் மூடுவதற்குள் நடைவழி முழுக்கத் தண்ணீர். தரைக் கம்பளம் ஊறிவிட்டது. என் செருப்புக்குள் பனி மாதிரி சில்லென்ற தண்ணீர் புகுந்தது. நான் கையில் டீயோடு அப்படியே நின்றேன்.

அவன் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். "இந்தா, உன் ஒன்பது."

டீக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

"அப்பா போயிட்டாரும்மா," என்றான். கடுமையாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. "உடம்பு இருக்கு. வாயில ஏதோ எண்ணு வருது. நீ ஒத்துக்க மாட்டேங்கிற. அந்தக் கட்டிலை வாங்கிக்கலாம். நான் ரொவீனாகிட்ட பேசுறேன்."

துணியெடுத்து வரப் போனான். நான் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். முட்டி ஈரத்தில் ஊறியது. பிளந்த பலகைக்கு நடுவில் செம்புக் குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. என் தையல் டேப் எப்போதும்போல் கழுத்தில்தான் கிடந்தது. வேறு செய்ய ஒன்றும் தோன்றாததால் அதை எடுத்து நிலையின் விளிம்பிலிருந்து குழாயின் நடுவுக்குப் பிடித்தேன்.

எட்டு. ஏழரையோ எட்டேகாலோ இல்லை, கறாராக எட்டு அங்குலம்.

உளறுகிறவன் சொன்ன எண் இப்படி முழுசாக ஒரு அங்குலம் தள்ளி நிற்குமா? டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. மில்லிமீட்டரில் நூறை எரிப்பார்கள். பழைய காசில் நூறு எங்கே இருக்கிறது? அங்குல டேப்பில் எரிப்பது ஒன்றை. முதல் அங்குலத்தை விட்டுவிட்டு ஒன்று என்ற கோட்டை விளிம்பில் வைப்பார்கள்.

ஒன்று என்ற கோட்டை நிலையில் வைத்து மறுபடி பிடித்தேன். குழாயின் நடுவில் ஒன்பது வந்தது.

"டேமியன்," என்று கூப்பிட்டேன். "டேமியன், இங்க வாடா."

வந்து குனிந்து பார்த்தான். நான் டேப்பை அசைக்காமல் பிடித்திருந்தேன். ஒன்று இருந்த இடத்தைப் பார்த்தான், ஒன்பது இருந்த இடத்தைப் பார்த்தான். அவனும் தச்சன் மகன். விளக்கம் கேட்கவில்லை.

"கழிக்கல," என்றான் கடைசியில். "டேப்புல பாத்தது அப்படியே ஞாபகம் இருக்கு. கழிக்கத்தான் மறந்துட்டாரு."

"நானும்தான் மறந்தேன். என்னையும் அந்த இல்லத்துல சேத்துடு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஈரக் கம்பளத்தில் உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நாற்பது வயது ஆளுக்கு முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஐம்பது வருஷம் கழித்தும் சுவருக்குள் இருக்கும் குழாயை ஒரு மயிரிழை பிசகாமல் கண்ணால் பார்க்கிறவன், அங்கே கட்டிலில் மசித்த உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருக்கிறான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஏதோ கீழே இறங்கிவிட்டது. நெவில் போய்விட்டான் என்றால் நான் அவனை அனுப்பிவிடலாம். அழுதுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பூ எடுத்துக்கொண்டு போய், மற்ற நாட்களில் தூங்கலாம். அந்த வழி எனக்குத் திறந்திருந்தது. இப்போது அது இல்லை. அவன் உள்ளேதான் இருக்கிறான். இல்லத்தில் கொண்டு போட்டால் எங்கே போடப்பட்டிருக்கிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறையின் நீளம் அகலம் உட்பட.

டேமியன் எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வேலையைப் பார்த்தான். குழாயின் வெட்டுக்கு ஒரு இணைப்பு வாங்கி வந்து மாட்டினான். புதுச் சட்டத்தை நிறுத்தினான். குளியலறைப் பக்கம் டைல்ஸ் இரண்டு வரிசையை உடைத்து எடுத்தான். அழகாக இல்லை. பதினொன்றேமுக்காலுக்குச் சக்கர நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, நடைவழியிலிருந்து திரும்பி, வாசலைத் தாண்டி, ஷவருக்குக் கீழே போய் நின்றான். எங்கேயும் உரசவில்லை.

"நீ சொன்ன எண்பத்தொண்ணையே வெச்சிட்டேன்," என்றான் உள்ளேயிருந்து. "இனிமே நீ பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது."

"எனக்கு அங்குலத்துல சொல்லு."

"போம்மா. எனக்கு டிவி மட்டும்தான் அங்குலத்துல தெரியும்."

ஃபோன் அடித்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். ரொவீனா நேரம் தவறாதவள்.

"கிளெனிஸ், அந்தக் கட்டில் விஷயம். அங்கேயிருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. வேணுமா, வேண்டாமா?"

நான் நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். காலுக்குக் கீழே கம்பளம் சளக் சளக் என்றது. வெள்ளிக்கிழமை ராத்திரி, சனிக்கிழமை ராத்திரி, அதற்குப் பிறகு வரப்போகிற ராத்திரிகள் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. பதினெட்டு ஸ்டோன் மனுஷனைப் புரட்டிப் படுக்க வைக்கிற ராத்திரிகள். என் முதுகு இப்போதே வலித்தது.

"வேண்டாம். வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சீங்களா? நீங்க சரின்னு சொன்னாலும் யாரும் தப்பா..."

"அதை மட்டும் சொல்லாதீங்க."

பிறகு, "நெவில் ரொம்ப சந்தோஷப்படுவாரு. உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றாள்.

"எனக்குச் சந்தோஷமா இல்லை, ரொவீனா. களைப்பா இருக்கு. நாளைக்கு அவனைக் காலையிலேயே ஏத்தி அனுப்பிடாதீங்க. மத்தியானத்துக்கு மேல அனுப்புங்க. நான் ஒரு தடவை நல்லா தூங்கிக்கறேன்."